சுவரில் சான்றிதழ் தொங்குகிறது. நோயாளியிடம் யார் கேட்டார்கள்?

எமது சங்க உறுப்பினர் ஒருவரின் மகள், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, கொழும்பு ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்கிறார். மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் சொல்லவில்லை. அன்று வீட்டில் விருந்து. அன்றிரவு பிள்ளையின் முகம் வாடியிருந்ததை வீட்டம்மா கவனித்தார். மூன்றாம் நாள் குசினியில் தலை சுற்றி உட்கார்ந்த பிறகுதான் காய்ச்சல் என்று தெரிந்தது. மாலையே அவர் பிள்ளையைத் தமது வாகனத்தில் ஏற்றி, பக்கத்திலுள்ள தனியார் டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பல வீடுகளில் இரண்டு பெனடோலோடு விட்டுவிடுவார்கள்.

"எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று வைத்தியர் சிங்களத்தில் கேட்டார். "நேற்றிலிருந்து" என்று வீட்டம்மா பதில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிள்ளைக்குக் கடையில் பேசும் அளவுக்குச் சிங்களம் தெரியும். ஆனால் சம்பளம் கொடுக்கும் அம்மா ஒன்று சொல்லி முடித்த பிறகு, "இல்லை, மூன்று நாள்" என்று குறுக்கே பேச நாக்கு எழவில்லை. வைத்தியரும் பிள்ளையின் பக்கம் திரும்பிக் கேட்கவில்லை. மூன்று வகைக் குளிசைகள் சிறு கடதாசிச் சரைகளில் வந்தன. சரையின் மேல் காலை, பகல், இரவு என்று கோடுகள் இருந்தன. மருந்தின் பெயர் இல்லை. மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் வயிற்று வலியும் வாந்தியும் வந்து, கை கால் குளிர்ந்துபோனது. அந்தத் தெருவில் முச்சக்கர வண்டி ஓட்டும் எமது மலையகத் தம்பி ஒருவர்தான் அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே முதலில் கேட்டது இரண்டு கேள்விகள். காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள்? இதுவரை என்ன மருந்து எடுத்தீர்கள்? முதல் கேள்விக்குப் பிள்ளையே பதில் சொன்னார். இரண்டாவது கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. சரைகள் மட்டும் இருந்தன.

டெங்கு. ஒரு கிழமை வார்ட்டில் இருந்து பிள்ளை சுகமாகி வந்துவிட்டார். தகப்பனார் தோட்டத்தில் கைக்காசு வாங்கி, இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்தார். ஆறு நாள் பேர் போடவில்லை.

டெங்குவில் நாள் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை இந்த நாடு கசப்போடு கற்றிருக்கிறது. 2017ஆம் ஆண்டில் மட்டும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டுமே. டைக்ளோஃபெனக், இபுப்ரோஃபென், அஸ்பிரின் போன்ற வலி மருந்துகள் கூடாது. காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்துத் தொடங்கும் நேரம். இவையெல்லாம் வைத்தியர்கள் அறிந்தவை. அந்த வைத்தியரும் அறிந்தவர்தான். "மூன்று நாள்" என்று அவர் காதில் விழுந்திருந்தால் இரத்தம் பார்க்கச் சொல்லியிருப்பார். அந்தச் சரைகளில் இருந்தது சரியான மருந்தாகவும் இருக்கலாம். ஆனால் அதை ஆஸ்பத்திரிக்குச் சொல்ல ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை.

எமது சங்கத்தார் இருவர் அந்த டிஸ்பென்சரிக்குப் போனார்கள். சண்டைக்குப் போகவில்லை, கேட்கப் போனார்கள். வைத்தியர் மரியாதையாகப் பேசினார். இடம் சுத்தமாக இருந்தது. கை கழுவும் தொட்டி, ஊசி போடும் மஞ்சள் பெட்டி, மருந்துக் குளிர்சாதனப் பெட்டி எல்லாம் ஒழுங்காக இருந்தன. சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பதிவுச் சான்றிதழ் தொங்கியது. "பரிசோதிக்க வந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்தார்கள், ஒரு குறையும் சொல்லவில்லை" என்றார். "நோயாளிகள் யாரிடமாவது பேசினார்களா?" என்று கேட்டோம். அவர் சற்று யோசித்தார். "இல்லை, அப்படி ஒரு வழக்கம் இல்லையே" என்றார்.

இந்தத் தலையங்கம் அந்தப் பதிலைப் பற்றியது.

சட்டம் என்ன சொல்கிறது?

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு செய்தல்) சட்டத்தின்படி, பெரிய தனியார் ஆஸ்பத்திரி முதல் தெருமுனை டிஸ்பென்சரி வரை எல்லாமே பதிவு செய்யப்பட வேண்டும். ஆண்டுதோறும் அந்தப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கென அமைந்ததுதான் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவை. சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் அதன் தலைவர். மாகாணப் பணிப்பாளர்கள் அதன் உறுப்பினர்கள். விண்ணப்பம் மாகாண சுகாதாரப் பணிப்பாளர் ஊடாகவே போகிறது. ஹெவ்லொக் டவுன் டிஸ்பென்சரி என்றால் மேல் மாகாணம். ஹட்டன், நுவரெலியா என்றால் மத்திய மாகாணம்.

பேரவையின் வேலை பதிவுப் புத்தகம் எழுதுவது மட்டுமல்ல. தரத்தை வகுப்பதும், அது பேணப்படுகிறதா என்று கண்காணிப்பதும், நோயாளர் பராமரிப்பின் தரத்தை உறுதிசெய்வதும் சட்டப்படி அதன் கடமைகள். வைத்தியர் உண்மையான வைத்தியரா என்பதைப் பார்ப்பது இலங்கை மருத்துவச் சபை. மருந்தைப் பார்ப்பது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை.

ஆக, கட்டிடத்துக்கு ஒரு காவல், வைத்தியருக்கு ஒரு காவல், மருந்துக்கு ஒரு காவல். மூன்றும் தேவை. போலி வைத்தியர்களைப் பற்றி அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் பலமுறை எச்சரித்திருக்கிறது. சுவரில் சான்றிதழ் இல்லாத இடத்துக்கு எமது மக்கள் போகவே கூடாது. ஆனால் இந்தப் பிள்ளையின் விடயத்தில் வைத்தியர் உண்மையானவர், இடம் சுத்தமானது, சான்றிதழ் சரியானது. அப்படியிருந்தும் பிள்ளை சாவின் வாசல்வரை போய் வந்தார். பிழை நடந்த இடம் கதிரைக்கும் மேசைக்கும் இடையில்: கேட்காத ஒரு கேள்வி, எழுதாத ஒரு மருந்துப் பெயர். தொட்டியையும் பெட்டியையும் மட்டும் பார்த்துப் போகும் பரிசோதனையின் கண்ணில் இது படவே படாது.

தோட்டத் தொழிற்சங்கத்துக்கு இதில் என்ன வேலை?

சிலர் கேட்கலாம்: சம்பளத்தைப் பேச வேண்டிய சங்கம் கொழும்பு டிஸ்பென்சரியைப் பற்றி ஏன் எழுதுகிறது?

காரணம் ஒன்று: எமது பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை எங்கும் வீடுகளிலும் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் காவல் வேலையிலும் இருப்பவர்களில் எத்தனை பேர் லயத்தில் பிறந்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஹெவ்லொக் வீதியில் இன்று மாடி வீடுகள் வானத்தைத் தொட நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933இல் அந்த ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இந்த நாட்டின் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பிடித்தது. அன்று நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஒருவருக்குச் சுகமில்லை என்றால் பக்கத்து இயந்திரத்தில் நின்றவருக்குத் தெரியும். இன்று அதே இடத்தில் எமது பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவராகத் தனித்தனியே இருக்கிறார்கள். வீட்டு வேலையாட்களுக்கு இன்னும் 1871ஆம் ஆண்டின் பதிவுக் கட்டளைச் சட்டம்தான். ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. சுகமில்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் அந்தப் பிள்ளை இரண்டு நாள் வாய் திறக்கவில்லை.

காரணம் இரண்டு: காசு. அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம். ஆனாலும் இந்த நாட்டில் வெளிநோயாளராக மருந்து எடுப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தனியாரிடமே போகிறார்கள். வேலை முடிந்து மாலையில் திறந்திருப்பது அதுதான். நாட்சம்பளத்தை 2021இல் 1,000 ரூபாவாக்கவும் 2024இல் 1,350 ரூபாவாக்கவும் நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு நாள் சம்பளத்தை வைத்தியரின் மேசையில் வைக்கும்போது, அதற்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கும் உரிமையும் எமக்கு உண்டு.

காரணம் மூன்று: எமது வரலாறு. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென இந்த நாட்டில் 1872இலேயே சட்டம் வந்தது. பிறகு 1912இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் எங்கள்மேல் கொண்ட அன்பினால் அல்ல. தொழிலாளர் செத்தால் கொழுந்து பறிக்க ஆள் இல்லை என்பதால். ஆனாலும் அதில் இருந்த ஒரு கடமையைக் கவனியுங்கள். தோட்டத்தில் யாருக்கு நோய் என்பதைத் துரை தானே அறிந்து வைத்திருக்க வேண்டும், தேவையானவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் சாப்பாடும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும். நடைமுறையில் எத்தனை துரைமார் செய்தார்கள் என்பது வேறு கதை. ஆனால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப அந்தச் சட்டம் இடம் வைக்கவில்லை. நூறு வருடங்களுக்கு மேலாகியும் ஹெவ்லொக் டவுன் வீட்டில் அந்தப் பிள்ளைக்கு அந்த அளவு காவல்கூட இல்லை.

எங்கள் வீட்டையும் பார்ப்போம்

கொழும்பைக் குறை சொல்லிவிட்டுத் தோட்டத்தை மறந்தால் அது நேர்மை இல்லை. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் பேச்சு 1990களிலிருந்து கட்டங்கட்டமாக நடக்கிறது, இன்னும் முடிந்தபாடில்லை. பல தோட்டங்களில் பட்டம் பெற்ற வைத்தியர் இல்லை. தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவரே எல்லாம். அவர்களில் இரவு பகல் பாராமல், பாதையில்லாத டிவிஷனுக்கு நடந்துபோய்ப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்களை எமது மக்கள் தெய்வமாக மதிக்கிறார்கள். அதேவேளை தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் முழங்கால் வலிக்கும் ஒரே குளிசையைத் தரும் மருந்தறைகளும் இருக்கின்றன. அங்கேயும் சரையில் பெயர் இல்லை. அங்கேயும் "சுகமில்லை" என்று துண்டு வாங்க, நோயைவிட அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டு ஒப்பந்தம், சம்பள நிர்ணய சபை, வர்த்தமானி என்று ஓடிய எமக்கு, மருந்தறைக்குள் போய் "இங்கே எப்படிப் பார்க்கிறார்கள்?" என்று தாய்மாரிடம் உட்கார்ந்து கேட்க நேரம் இருக்கவில்லை. இந்தப் பிள்ளையின் தகப்பனார் எமது காரியாலயத்தில் அந்த வெற்றுச் சரைகளை மேசைமேல் வைத்தபோதுதான் எமக்கே உறைத்தது.

மற்ற நாடுகளில்

இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர் நிலையங்களைப் பரிசோதிக்கப் பராமரிப்புத் தர ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் ஐந்து கேள்விகளை வைத்திருக்கிறார்கள். இங்கே நோயாளிக்குப் பாதுகாப்பு உண்டா? சிகிச்சை பலன் தருகிறதா? பரிவோடு நடத்துகிறார்களா? நோயாளியின் தேவைக்கு ஏற்ப நடக்கிறார்களா? நிர்வாகம் ஒழுங்கா? பரிசோதிக்க வருபவர்கள் நோயாளிகளின் அனுபவத்தையும் கேட்கிறார்கள். முடிவு நான்கு படிகளில் ஒன்றாக வரும்; அதை எல்லோரும் காணும்படி நிலையத்தில் ஒட்ட வேண்டும் என்பது 2015 முதல் சட்டம்.

அது பொன்னான முறை என்று நாம் சொல்லவில்லை. 2024இல் வெளியான ஒரு சுயாதீன மீளாய்வு, அந்த ஆணைக்குழுவின் பரிசோதனைகள் குறைந்துவிட்டன, சில இடங்களைப் பல ஆண்டுகளாக யாரும் மறுபடி பார்க்கவில்லை, துறை தெரிந்த பரிசோதகர் போதாது என்று கடுமையாகச் சொன்னது. தமிழ்நாட்டிலோ தனியார் மருத்துவ நிலையங்களுக்கான சட்டம் 1997இல் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 2018இல். இருபத்தொரு வருடம்! பணக்கார நாடானாலும் பக்கத்து நாடானாலும் பாடம் ஒன்றுதான். சட்டம் எழுதினால் போதாது. பார்க்கும் ஆள் வேண்டும், அந்த ஆள் நோயாளியிடம் பேச வேண்டும், கண்டதை ஊருக்குச் சொல்ல வேண்டும்.

எமது கோரிக்கைகள்

இதன் அடிப்படையில் எமது சங்கம் சுகாதார அமைச்சிடமும் ஒழுங்குபடுத்தும் பேரவையிடமும் பின்வருவனவற்றைக் கேட்கிறது.

1. தனியார் டிஸ்பென்சரியைப் பரிசோதிக்கும்போது, அன்று வந்திருக்கும் நோயாளிகளில் சிலரிடமாவது தனியாக, அவர்களுடைய மொழியில் பேச வேண்டும். வேலையாளோடு எசமானர் வந்திருந்தால், வேலையாளிடம் பேச வேண்டும்.

2. பரிசோதனையில் கண்டதைச் சான்றிதழுக்குப் பக்கத்திலேயே மூன்று மொழிகளிலும் ஒட்ட வேண்டும். நோயாளிக்கு "பதிவு உண்டு" என்பது மட்டும் தெரிந்தால் போதாது.

3. கொடுக்கும் ஒவ்வொரு மருந்துச் சரையிலும் மருந்தின் பெயரும் அளவும் திகதியும் எழுதப்பட வேண்டும். எழுதாத இடத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது.

4. முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கவும் தமிழிலேயே பதில் பெறவும் வழி வேண்டும். 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. நோயைச் சொல்லும் இடத்தைவிட அது அதிகம் தேவைப்படும் இடம் வேறு எது?

5. தோட்ட மருந்தறைகளையும் இதே அளவுகோலால் பார்க்க வேண்டும். கொழும்பு 05க்கு ஒரு தரம், ஐந்தாம் இலக்க லயத்துக்கு ஒரு தரம் என்பதை ஏற்கமாட்டோம்.

வைத்தியர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் உங்களுக்கு எதிரிகள் அல்ல. கையில் காசில்லை என்றதும் மருந்தைக் கொடுத்து "பிறகு பார்ப்போம்" என்று அனுப்பிய வைத்தியர்கள் கொழும்பிலும் மலையகத்திலும் இருக்கிறார்கள். எமது மக்கள் அவர்களை மறக்கவில்லை. வரிசை நீளம், நேரம் குறைவு என்பதும் தெரியும். "எத்தனை நாளாக, மகள்?" என்று நோயாளியைப் பார்த்து ஒருமுறை கேட்க அரை நிமிடம் போதும். நல்ல வைத்தியருக்கு நல்ல பரிசோதனையால் நட்டம் எதுவும் இல்லை.

உறுப்பினர்களுக்கு

கோரிக்கை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் இந்த விடயத்தைப் பேச வேண்டும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளின் பெற்றோர் இன்றைக்கே போன் எடுத்து நான்கு விடயங்களைச் சொல்லிக்கொடுங்கள்.

காய்ச்சல் தொடங்கிய நாளை எழுதி வை. அல்லது எங்களுக்குப் போன் பண்ணிச் சொல், நாங்கள் எழுதிவைக்கிறோம். மருந்து எடுக்கப் போகும்போது உன் நோயை உன் வாயால் சொல். அம்மா பிழையாகச் சொன்னால் "டொக்டர், மூன்று நாள்" என்று சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. மருந்தின் பெயரை எழுதித் தரும்படி கேள், சரையை எறியாதே. மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் இரத்தம் பார். வயிற்று வலி, வாந்தி, கை கால் குளிர்வது என்றால் நேரம் பார்க்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போ.

முறைப்பாடு இருந்தால் திகதி, நேரம், நடந்தது எல்லாவற்றையும் எழுதி எமது மாவட்டக் காரியாலயத்தில் கொடுங்கள். டிஸ்பென்சரியைப் பற்றியது ஒழுங்குபடுத்தும் பேரவைக்கும், வைத்தியரின் நடத்தையைப் பற்றியது மருத்துவச் சபைக்கும், மருந்தைப் பற்றியது மருந்து அதிகாரசபைக்கும் போகவேண்டும். எங்கே அனுப்புவது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுதிக் கொண்டுவாருங்கள், அனுப்புவது எமது வேலை. சங்கத்துக்குச் சந்தா கட்டுவது இதற்காகவும்தான்.

அந்தப் பிள்ளை இப்போது மறுபடி வேலைக்குப் போய்விட்டார். அதே வீடுதான். போவதற்கு முன் எமது காரியாலயத்துக்கு வந்தார். "அடுத்த தடவை நானே சொல்லுவேன்" என்றார். அவர் சொல்லுவார். கேட்க ஆள் இருக்க வேண்டும். கேட்டார்களா என்று பார்க்கவும் ஆள் இருக்க வேண்டும். அந்த இரண்டும் வரும்வரை எமது சங்கம் இந்த விடயத்தைக் கைவிடாது.